கடைமடையை எட்டாத மருந்து

மேட்டூர் அணையிலிருந்து எத்தனை கன அடி நீர் திறந்துவிடப்பட்டது என்பதை நாளிதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. அந்த நீர் கடைமடை வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. ஆறு நிறைய நீர் ஓடியும், வாய்க்கால் தூர்வாரப்படாததால் கடைமடையில் பயிர் கருகுவதை டெல்டா விவசாயிகள் நன்கு அறிவார்கள். அரசின் ஒதுக்கீட்டுக்கும் மக்கள் அடையும் பயனுக்கும் உள்ள இடைவெளியை விளக்க, வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் இந்த உதாரணத்தையே சொல்லி வந்தேன். அதே பாடம் என் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்ததை மட்டும் ஓராண்டு காலம் கவனிக்கத் தவறிவிட்டேன்.

மயிலாப்பூரில் எங்களுடன் வசிக்கும் என் பெயரனுக்கு இப்போது ஏழு வயது. ஐந்து வயதில் அவனுக்கு ஆஸ்துமா இருப்பது தெரிய வந்தது. மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நாங்களும் ஒரு நாள் விடாமல் கொடுத்து வந்தோம். ஆயினும் இரவு இருமல் நிற்கவில்லை. மார்கழிக் குளிரில் இருமுறை நள்ளிரவில் அவனைத் தூக்கிக்கொண்டு நெபுலைசர் வைக்க ஓடினோம். மருந்தின் அளவு கூட்டப்பட்டது. பிறகு மருந்தே மாற்றப்பட்டது. பயன் மட்டும் இல்லை.

ஒருநாள் வேறொரு மருத்துவமனையில், எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, செவிலியர் ஒருவர் அவனிடம், 'வீட்ல எப்படி மருந்து எடுத்துப்பியோ, அதே மாதிரி எனக்குச் செஞ்சு காட்டு கண்ணா' என்றார். அவன் வாயைத் திறந்து, இரண்டு முறை தொடர்ந்து அழுத்தி, மூக்கால் மூச்சு விட்டான். வாயிலிருந்து மெல்லிய புகைபோல மருந்து வெளியே வந்தது. நாங்கள் நாள்தோறும் பார்த்த காட்சிதான். மருந்து எடுத்ததற்கு அதுவே அடையாளம் என்று நான் நினைத்திருந்தேன். 'உள்ளே போக வேண்டியது வெளியே வருது சார்' என்றார் அந்தச் செவிலியர். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அன்றுதான் அது உறைத்தது. அணை திறந்தே இருந்தது. கடைமடைக்குத்தான் நீர் வரவில்லை.

இது எங்கள் வீட்டின் தவறு மட்டுமன்று. 1975 முதல் 2014 வரை பல நாடுகளில் வெளியான 144 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்த ஒரு கட்டுரை, 2016-இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. அந்த ஆய்வுகளில் இடம்பெற்றோர் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 31% மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் இந்த நிலை மேம்படவே இல்லை என்பதுதான் அந்தக் கட்டுரையின் முடிவு. மருந்துகள் மேம்பட்டன, கருவிகள் மேம்பட்டன, கற்றுக்கொடுத்தல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இன்ஹேலர் என்ற கருவி பிறந்ததற்கே ஒரு குழந்தையின் சிரமம்தான் காரணம் என்பது பலரும் அறியாத செய்தி. 1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ரப்பர் குமிழைப் பிசைந்து மருந்தைத் தெளிக்கும் கண்ணாடிக் கருவியால் அலுத்துப்போன அச்சிறுமி, தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான்போல என் மருந்தும் ஏன் இருக்கக்கூடாது என்று தந்தையிடம் கேட்டாள். அந்தக் கேள்வியின் விளைவாக 1956-இல் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969-இல் சால்புடமால் இன்ஹேலரும், 1972-இல் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் வந்தன. இன்றைய சிகிச்சையின் அடித்தளம் இவ்விரண்டும்தான்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் முதலில் அறிய வேண்டும். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழல்களின் உட்சுவரில் நீடிக்கும் அழற்சி. தூசு, புகை, சளிக்காய்ச்சல், குளிர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தூண்டும்போது குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, இரைப்பு வருகிறது. சால்புடமால் அந்தத் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். ஆனால், அழற்சியைத் தொடாது. பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்து அழற்சியை மெல்லத் தணிக்கும். ஆனால், இரைக்கும் அந்த நேரத்தில் உடனடி நிவாரணம் தராது. முன்னது தீயணைப்பு வண்டி. பின்னது தீப்பிடிக்காமல் வீட்டைக் காப்பது. எது எந்த மருந்து என்பதைப் பெயரைப் படித்து அறிய வேண்டும். நிறத்தை மட்டும் நம்புவது சரியன்று. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? உடனே நிம்மதி தரும் மருந்து நல்ல மருந்து என்று பெயர் வாங்குகிறது. ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும் தடுப்பு மருந்து, இருமல் நின்ற மறுவாரமே நிறுத்தப்படுகிறது. இதன் விலை பெரிது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட தேசிய அறிக்கை, அவற்றுள் 46% தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. இறந்தவர்களுள் மருந்துச் சீட்டு விவரம் கிடைத்தவர்களில் 39% பேர், ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்களைப் பெற்றிருந்தனர். மருந்தை அடிக்கடி வாங்குவது நோய் கட்டுக்குள் இருப்பதன் அறிகுறியன்று, கைமீறுவதன் அறிகுறி. ஆஸ்துமா குறித்து உலக நாடுகளுக்கு வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிவாரண மருந்தை மட்டும் தனியே தருவதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

நம் நாட்டின் நிலை இதனினும் கவலைக்குரியது. 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3.4 கோடி பேருக்கு ஆஸ்துமா உள்ளது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது சுமார் 13%. ஆனால், உலகில் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40%-க்கும் மேற்பட்டவை இந்தியாவில் நேர்கின்றன. நோயின் பங்குக்கும் மரணத்தின் பங்குக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை உடற்கூறு விளக்காது. சிகிச்சை சென்றுசேராத குறைதான் விளக்கும்.

சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. நகரக் குழந்தைகளில் 22%, கிராமக் குழந்தைகளில் 9% பேர் மூச்சுத் திணறலை அனுபவித்திருந்ததாக அது தெரிவித்தது. நகரின் பருவங்களையே ஓர் ஆஸ்துமா நாள்காட்டியாக எழுதிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் சுவரெல்லாம் பூஞ்சை, தீபாவளிக்குப் பட்டாசுப் புகை, மார்கழியில் பனி, போகியன்று பழைய பாயும் டயரும் எரியும் புகை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. லஸ், மந்தைவெளி, பனகல் பூங்கா, அடையாறு எனத் தென்சென்னை முழுவதும் மெட்ரோ பணியின் தூசை நாம் அறிவோம். வீட்டுக்குள் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும் வேறு. தெருவின் காற்றைத் தனி ஒருவர் மாற்றிவிட முடியாது. குழந்தையின் மருந்து நுரையீரலைச் சென்றடையச் செய்வது நம் கையில் இருக்கிறது.

அதற்கான வழிமுறை எளியது. இன்ஹேலரிலிருந்து மருந்து மிகுந்த வேகத்தில் பீய்ச்சப்படுகிறது. அழுத்தும் அதே நொடியில் மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். பெரியவர்களே தடுமாறும் செயல் இது. தவறினால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ஆகவே குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்னும் குடுவை இன்றியமையாதது. மருந்து முதலில் அதில் தங்கி வேகம் தணியும். குழந்தை இயல்பாக மூச்சிழுத்தாலே போதும். மூன்று வயது வரை முகமூடி பொருத்திய ஸ்பேசர். நான்கு வயதுக்கு மேல், குழந்தையால் உதட்டை இறுக்கி மூட முடியுமானால் வாய்ப்பகுதி உள்ள ஸ்பேசர் என்பதே பொது வழிகாட்டுதல்.

குழந்தை நிமிர்ந்து உட்கார வேண்டும் அல்லது நிற்க வேண்டும். மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்க வேண்டும். புதியதாகவோ, பல நாள் எடுக்காததாகவோ இருந்தால் சில முறை காற்றில் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். பிறகு ஸ்பேசரில் பொருத்தி, முகமூடியானால் மூக்கும் வாயும் அடங்குமாறு இடைவெளியின்றி வைக்க வேண்டும். வாய்ப்பகுதியானால் பற்களுக்கு இடையில் வைத்து உதட்டை மூடச் செய்ய வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். வளர்ந்த குழந்தையானால், மெதுவாக ஆழ இழுத்துப் பத்து வரை எண்ணும்வரை மூச்சை அடக்கலாம். இரண்டாவது முறை தேவையெனில் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, மறுபடி அழுத்த வேண்டும். ஒரே மூச்சுக்கு இரண்டு முறை அழுத்துவது மருந்தை வீணாக்குவதே. ஸ்டீராய்டு மருந்தானால் முடிந்ததும் வாயைக் கொப்புளித்துத் துப்ப வேண்டும். முகமூடி வைத்த சிறு குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட வேண்டும்.

அழும் குழந்தையை அமுக்கிப் பிடித்து மருந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அழும்போது மருந்து நுரையீரலுக்குள் செல்வது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உடல்நலமாக இருக்கும் நாளிலேயே ஸ்பேசரை விளையாட்டுப் பொருளாகக் கையில் கொடுத்துப் பழக்குவது நல்லது. என் பெயரன் முதல் இரண்டு நாள்கள் தன் கரடி பொம்மைக்குத்தான் மருந்து கொடுத்தான்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை இளஞ்சூடான சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி, பிளாஸ்டிக் சுவர் மருந்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பொடி வடிவ மருந்துக்கோ முறையே வேறு. அதைக் குலுக்கக் கூடாது. கருவிக்குள் மூச்சு விடக் கூடாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அந்த வலு பொதுவாக ஆறு வயதுக்குப் பிறகே வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு இன்ஹேலரில் பெரும்பாலும் 200 முறை அழுத்தும் மருந்து இருக்கும். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் 50 நாள்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் அழுத்தினால் புகைபோல ஏதோ வரத்தான் செய்யும். அதில் மருந்து இருக்காது. எண்ணிக்கை காட்டும் வசதி இல்லாத இன்ஹேலரில், தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் பேனாவால் எழுதி ஒட்டிவிடுவது நள்ளிரவு ஆபத்தைத் தவிர்க்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்க சோதனையன்று.

'இன்ஹேலர் ரொம்ப ஸ்ட்ராங், பழகிவிடும், சிரப் போதும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். எண்கள் வேறு கதை சொல்கின்றன. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வரும் சால்புடமால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப்பில் வழக்கமான ஒரு 5 மி.லி. அளவில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். இருபது மடங்கு மருந்து உடல் முழுவதும் சுற்றி, படபடப்பையும் நடுக்கத்தையும் தந்துவிட்டு, தாமதமாக நுரையீரலுக்கு வருகிறது. தடுப்பு மருந்தை நாள்தோறும் எடுப்பது அடிமைத்தனமன்று. கண்ணாடி அணிவதைப் போன்றது.

ஸ்டீராய்டு பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் பியூடெசோனைடு எடுத்தவர்களை அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, அவர்களது உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைந்திருந்ததாக 2012-இல் தெரிவித்தது. ஒரு தட்டில் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம். மறு தட்டில் உறக்கம், விளையாட்டு, பள்ளி வருகை, சில வேளை உயிர். தேவையான மிகக் குறைந்த அளவை மருத்துவர் நிர்ணயிப்பதும், அந்த அளவு வீணாகாமல் உள்ளே செல்வதை நாம் உறுதி செய்வதுமே அறிவார்ந்த வழி. தவறாக எடுப்பதால் பலனின்றி அளவு கூட்டப்படும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். என் பெயரனுக்கு நேர்ந்தது அதுதான்.

இத்தனை எளிய விஷயம் ஏன் கற்பிக்கப்படுவதில்லை? இங்குதான் பொருளாதாரம் வருகிறது. மருத்துவருக்கு ஆலோசனைக் கட்டணம் உண்டு. மருந்துக்கடைக்கு விற்பனை லாபம் உண்டு. பத்து நிமிடம் செலவிட்டுச் செய்துகாட்டுவதற்கு யாருக்கும் எந்த வருவாயும் இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிடம் அடுத்த மூன்று நோயாளிகளின் நேரம். விலை இல்லாத ஒன்றைச் சந்தை தானாக வழங்குவதில்லை. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சால்புடமாலும் பியூடெசோனைடும் இடம்பெற்றுள்ளன; அவற்றுக்கு உச்ச விலையும் உண்டு. அந்த மருந்தைக் குழந்தையின் நுரையீரலில் சேர்க்கும் ஸ்பேசர் அப்பட்டியலில் இல்லை. நெல்லுக்கு ஆதரவு விலை தந்துவிட்டு வாய்க்காலை மறந்த கதைதான்.

ஏழை நாடுகள் இதற்கு வழி காணாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹீதர் ஸார் என்ற குழந்தைகள் நல மருத்துவரின் குழு, சாதாரண 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாயின் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியின்றி ஒட்டி, ஸ்பேசராகப் பயன்படுத்திச் சோதித்தது. இரைப்புடன் வந்த குழந்தைகளுக்கு அது விலைக்கு வாங்கும் ஸ்பேசருக்கு நிகராகவே பயன்பட்டது என்று 1999-இல் 'லான்செட்' இதழில் அக்குழு எழுதியது. ஒட்டாமல் விட்ட பாட்டிலின் பயன் குறைந்தது. வாங்க இயலாதவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் இதைச் செய்துகொள்ளலாம். மிதமான இரைப்புக்கு, ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறைந்ததன்று என்பதும் நிறுவப்பட்ட உண்மையே.

தமிழகத்துக்கு இது எட்டாத இலக்கன்று. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதில் பிற மாநிலங்களுக்கு முன்னோடி. அதன் வழியே இன்ஹேலர் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஸ்பேசரும் உடன் தரப்பட வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் செல்கிறார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையிடம், 'செய்து காட்டு' என்று கேட்கும் பயிற்சியையும் அவர்களுக்குத் தரலாம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற பெரிய மையங்களிலிருந்து மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் வரை, மருந்து வழங்கும் சாளரத்துக்கு அருகில் இதற்கென ஒருவரை அமர்த்துவது, வீணாகும் மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் பெருஞ்செலவன்று.

பள்ளிகளுக்கும் பொறுப்பு உண்டு. பிரிட்டனில் 2014 அக்டோபர் முதல், அவசரத் தேவைக்கான சால்புடமால் இன்ஹேலரைப் பள்ளிகளே வாங்கி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நம் பள்ளிகள் முதல் படியாக, குழந்தை தன் இன்ஹேலரைப் பையில் வைத்திருக்கவும் உடற்பயிற்சி வகுப்புக்கு எடுத்துச் செல்லவும் தடையின்றி அனுமதித்தாலே போதும். பெண் குழந்தையின் நோய் வெளியே தெரிந்தால் பின்னாளில் திருமணம் தடைப்படுமே என்று இன்ஹேலரை ஒளித்துவைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். மறைத்து எடுக்கும் மருந்து அவசரமாகவும் அரைகுறையாகவும்தான் எடுக்கப்படும்.

ஒவ்வொரு குழந்தைக்கும், எப்போது எத்தனை முறை மருந்து, எப்போது மருத்துவமனை என்பதை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு முட்டினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண மருந்து எடுத்தும் தணியவில்லை என்றாலோ, தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும்.

உலக ஆஸ்துமா தினம் மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அனுசரிக்கப்படுகிறது. 2024-இல் ஆஸ்துமா குறித்த கல்வி அதன் கருப்பொருளாக இருந்தது. 2025-இல் உள்ளிழுக்கும் மருந்து அனைவருக்கும் கிடைப்பது கருப்பொருளாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. கிடைத்த மருந்தைக் கற்பிக்காமல் கொடுப்பது, மடை திறந்து வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

ஸ்பேசர் வந்த பிறகு எங்கள் வீட்டில் நள்ளிரவு ஓட்டம் இல்லை. மருந்தின் அளவையும் மருத்துவர் குறைத்திருக்கிறார். நாங்கள் புதிதாக எந்த மருந்தும் வாங்கவில்லை. இன்று இரவு உங்கள் குழந்தை மருந்து எடுக்கும்போது அருகில் அமர்ந்து ஒருமுறை முழுதாகக் கவனியுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுசென்று, 'இவன் செய்வது சரிதானா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கட்டணம் இல்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).